மே மாதத்துச் சைரன்

சுஜீவா: இஞ்சாருங்கோ, கார்த் திறப்பு எங்கை? ஆணியிலை காணேல்லை.

குணசேகரம்: என்ரை பொக்கெற்றுக்கை.

சுஜீவா: அப்ப எழும்புங்கோவன். பன்ரண்டுக்கு முதல் காட்டுக்குப் போகவேணும். புட்டும் கட்டியாச்சு.

குணசேகரம்: இந்த வருசம் போகேல்லை.

சுஜீவா: என்ன விசர்க் கதை? இண்டைக்கு மே மாசத்து முதல் புதன். ஹோர்சன்ஸ் நகரம் முழுக்கச் சைரன் ஊதுவாங்கள், காட்டுக்கைதான் கேக்காது.

குணசேகரம்: வேலைசெய்யுதோ எண்டு ஊதிப் பாக்கிறாங்கள். பாக்கட்டும்.

சுஜீவா: ஓமோம். முந்தி வேலையிலை சைரன் ஊதேக்கை உங்கடை போஸ் ஹென்ரிக்கை இழுத்து விழுத்தி, அவருக்கு மேலை படுத்துக் கிடந்தவர் ஆரோ?

குணசேகரம்: பாவம், கோப்பி முழுக்க அவன்ரை சேட்டிலை…

சுஜீவா: இப்ப சிரிக்கிறியள். அண்டைக்கு…

குணசேகரம்: அண்டைக்கு நான் இயக்கத்தை விட்டு வந்தும் காவலரணுக்கைதான் இருந்தன். பிறகுதானே அந்தச் சைக்கோலொஜிஸ்ட் பிள்ளையிட்டைப் போனது. பயம் தெளிய, போனிலை சைரனைப் போட்டுக் கேக்கச் சொன்னவ. குளிக்கேக்கை போட்டுப் போட்டுக் கேட்டனான்.

சுஜீவா: தெரியும். அந்த நேரம் நான் உடுப்புத் தோய்க்கக் கீழை போயிடுவன்.

குணசேகரம்: தோய்க்க உடுப்பில்லாமலும் போனாய்.

சுஜீவா: புட்டு ஆறப்போகுது, எழும்புங்கோ.

குணசேகரம்: பல்கனிக் கதவைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பம்.

சுஜீவா: திறக்காதேங்கோ.

குணசேகரம்: ஏன்?

சுஜீவா: குளிருது.

குணசேகரம்: வெளியிலை வெய்யில் எறிக்குது.

சுஜீவா: திறப்பைத் தாங்கோ. உங்களுக்காகத்தானே வருசாவருசம் லீவெடுத்து…

குணசேகரம்: எனக்காகவோ? போன வருசம் காட்டுக்கை நான் இருந்து புட்டுச் சாப்பிட்டன். உன்ரை கையிலை தண்ணிப் போத்தல் நிக்கேல்லை.

சுஜீவா: பாத்தியளோ?

குணசேகரம்: பாத்தனான்.

சுஜீவா: நீங்கள் சண்டைபிடிச்ச ஆள். காயப்பட்ட ஆள். நான் அம்மாவோடை பங்கருக்கை இருந்தனான், அவ்வளவுதானே. தம்பி… தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு வெளியிலை போனவன். சைரன் ஊதிச்சுது, கிபிர் பிளேன் வந்து குண்டு போட்டிட்டுது. இதைக் கொண்டுபோய் ஆரிட்டைச் சொல்லுறது?

குணசேகரம்: என்னட்டை.

சுஜீவா: உங்களுக்கே நித்திரை இல்லாமக் கிடந்தது… பேந்து என்ரையையும் ஏத்துறதோ?

குணசேகரம்: சரி, சொல்லு. இருப்பமோ, போவமோ?

சுஜீவா: போவம். ஆனா… பயம் விட்ட ஆளுக்குக் காட்டுக்கை என்ன வேலை?

குணசேகரம்: எனக்கு அது விட்டு ரெண்டு வருசமாச்சு. நீ வாய் திறந்து சொல்லமாட்டாய். அதுதான் எனக்குத்தான் பயமெண்டு காட்டிக்கொண்டு பிறகும் காருக்கை ஏறினனான். இந்தா திறப்பு… இண்டைக்கு உன்ரை பயத்துக்குப் போவம்.