நாலு அங்குலத் தட்டு

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. கணவர் மடியில் பேப்பர் சுற்றிய இரும்புத் தட்டு.

"கத்தி தீட்டுற மெஷினுக்குத் தட்டு வாங்கச் சொன்னா, கல்லறைக்கு மூடி வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கடைக்காரர்தான் பெருசு நல்லதுன்னாரு."

"அவரா தீட்டுறாரு? நான்தானே! கத்திய தீட்டுற உப்புத்தாள் பெல்ட்டு ரெண்டு அங்குலம். அதுக்குப் பின்னால நிக்கிற தட்டு நாலு அங்குலம். பிடி கிட்ட தீட்டப் போனா கத்தி இரும்புல இடிக்குது. தேயிலைக் கவாத்துக்கு முன்னால கத்தி குடுக்கலேன்னா தோட்டத்து ஆளுங்க வேற எடம் போயிருவாங்க."

"அதான் மாத்தப் போறோமே."

"எத்தனை அங்குலம் கேப்பீங்க?"

"மூணு?"

"ரெண்டுங்க! பெல்ட்டு அளவுதான். ஒரு நூல் குறையலாம், கூடக் கூடாது."

அவர் சற்று யோசித்தார். "பேசாம பெல்ட்டை அகலமா வாங்கிட்டா?"

"அப்ப உருளைய மாத்தணும், மெஷின மாத்தணும். பொறகு நான் ஆளையே மாத்தணும். நீங்க கடைக்குள்ள வராதீங்க. வெளியில நின்னு டீ குடிங்க."

அவர் முகத்தில் அப்போதுதான் நிம்மதி தெரிந்தது.

"வடையும் திங்கலாமா?" என்றார்.