சுதுவின் எட்டாவது விடுதலை

— திரும்பவும் சுதுவையே குளிப்பாட்டச் சொல்லுறீங்களா, நோனா?

— வேற எதைக் குளிப்பாட்ட, விமல்? எங்கட காப்பகத்தில மற்ற மாடெல்லாம் எலும்பும் தோலுமாய் நிக்குது. இது ஒண்டுதான் பார்வைக்கு லட்சணம். மாலையைப் போட்டால் விகாரை ஹாமதுரு பிரித் ஓதி முடியுமட்டும் அசையாமல் நிக்கும்.

— நிக்காமல் என்ன செய்யும்? ஏழு தரம் மாடு வெட்டுற மடுவத்துக்குப் போகாமல் மீட்டாச்சு. பிரித் முழுக்க அதுக்குப் பாடம்.

— உன்ர பகிடிக்கு எனக்குத் தெம்பில்லை.

— பகிடி இல்லை, நோனா. இந்த ஒரு தரம் மடுவத்துக்குப் போய் உண்மையாவே ஒரு மாட்டை வாங்கிக்கொண்டு வருவம்.

— வாங்கி? வீட்டில ஆருக்கும் நோய் வருத்தமெண்டால் மாட்டை மீட்டுவிட ஊரே காசு தருது. மீட்ட மாட்டுக்கு வைக்கோல் போட ஒரு சனம் தராது. புண்ணியம் மாலை போடுற அண்டைக்கு மட்டும்தான். பிறகு அது சாகுமட்டும் தின்னுதே, அது ஆரின்ர தலையில? என்ர சங்கிலி போச்சு. வீட்டு உறுதிப் பத்திரம் வங்கியில கிடக்கு. களைச்சுப் போனன், விமல்.

— தெரியும், நோனா.

— போன தரம் நீதானே சொன்னாய், வருத்தக்காரருக்கு வேண்டியது மனத்திருப்தி, மாடு எதெண்டால் என்னவெண்டு. அந்தக் கிழவர் எழும்பி நடக்கேல்லையா?

— நடந்தார். செத்தவையும் இருக்கினம்.

— மாட்டாலயோ செத்தவை?

— தெரியேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு.

— உனக்கென்ன பயம்? காசு தந்தது ஆரெண்டே தெரியாது. ஹாமதுரு உறையை நீட்டினார். பேர் கேக்க வேண்டாமாம், ஒரு பிள்ளைக்காகவாம்.

— அந்தக் காசு இருக்குதா, நோனா?

— எங்க இருக்கு? காலமையே வைக்கோல்காரனுக்குக் குடுத்திட்டன். பழைய பாக்கி தராட்டி லொறியைத் திருப்பிக்கொண்டு போறனெண்டு நிண்டான். நீயும் அந்த நேரம் இல்லை. ஏன் இண்டைக்குப் பிந்தி நடந்து வந்தனி? மோட்டார் சைக்கிள் எங்க?

— எல்லாக் காசையுமோ குடுத்தீங்கள்?

— ஒரு சதமும் மிச்சமில்லை. பொழுது போகுது, நாளைக்கு விடிய ஹாமதுரு வந்திடுவார்.

— சரி, நோனா. சுதுவை நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறன். மோட்டார் சைக்கிளை வித்துத்தான் அந்த உறையைக் குடுத்தனான். நாளைக்கு நெஞ்சில ஒப்பரேசன் என்ர சின்னவளுக்கு.