கோவிந்தா சொன்ன கைகள்

"உனக்கெதுக்குடி அந்தக் கண்றாவி? தெரிஞ்சுக்கினு என்ன பண்ணப் போற?"

சித்தூரில் திருப்பதி பஸ் ஏறியதும், எனக்கு முன் சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த தங்கையைத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு அவளே சொல்லவும் ஆரம்பித்தாள்.

"எங்க தெருக் குட்டைய மூடி, லாட்ஜுக்காரன் கார் நிறுத்த எடம் பண்ணப் போறாங்களாம். மழத்தண்ணி போற எடமே அது ஒண்ணுதான். மூடினா வூட்டுக்குள்ள வந்து நிக்கும்."

"ஜனங்கள ஒரு வார்த்த கேக்காமயா?"

"கேட்டாங்களே! மீட்டிங் போட்டு, ஒத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு ஆபீசரு. ஒருத்திகூட தூக்கல. லாட்ஜுக்காரன் கூட்டத்துக்குப் பின்னால நின்னுக்கினு 'கோவிந்தா!'ன்னு ஒரு சத்தம் வுட்டான்."

"ஐயையோ! நீங்க?"

"திருப்பதிக்காரங்க சும்மா இருப்பமா? தெருவே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, 'கோவிந்தா!'ன்னுச்சு. அந்த நேரம் பாத்து போட்டோ புடிச்சி, ஜனமெல்லாம் ஒத்துக்கிச்சின்னு ஆபீசுல காட்டிட்டான், பாவி. போட்டோவுல முன்னாடி நிக்கிறதே நான்தான், பல்லு தெரிய!"

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதடி, வவுறு எரியுது. கலெக்டர் ஆபீசு வாசல்ல ஒக்காந்து கத்தினேன். நாளைக்கி மறுபடி மீட்டிங் வெக்கிறாங்க."

"அவன் மறுபடி கோவிந்தா போட்டா?"

"போடட்டுமே. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். 'ஆளுக்கு ரெண்டு கொடம், குட்டைத் தண்ணிய ரொப்பி, ரெண்டு கையிலயும் புடிச்சிக்கினு வாங்க. சாமி பேரு காதுல வுழுந்தா, வாயால மட்டும் சொல்லுங்க.'"