சாயப்பட்டறை மண்

கும்பகோணம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூடிக்கிடந்த சாயப்பட்டறையைப் பஸ் தாண்டியபோது இளையவள், "நம்ம பட்டறை மண்ணுக்கு வந்த மவுசைப் பாத்தியாக்கா?" என்றாள்.

"என்னடி?"

"விஷ மண்ணாம். தோண்டி எடுத்துட்டு வீடு கட்டப்போறாங்க. தோண்டுற செலவுல பாதி கவர்மெண்டு, பாதி இடத்தை வாங்குனவரு."

"அதுலதானே அத்தனை வருஷம் நின்னோம். சாயங்காலம் கைகால் கழுவுனா தண்ணி கத்திரிப்பூ கலர்ல ஓடும். என்ன அழகுடி அது!"

"தொட்டியில படிஞ்ச மண்ணை முதலாளி சும்மாவே வண்டியில ஏத்தி விடுவாரே, நம்ம வீட்டுத் தரையை மேடாக்க."

"மகராசன். அதுக்கப்புறம் எந்த மழைக்கும் வீட்டுக்குள்ள தண்ணி வந்ததில்ல."

இளையவள் ஜன்னல் வழியாகப் பட்டறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, நம்ம வீட்டுக்கடியில கெடக்குறதைத் தோண்ட யாரு செலவு பண்ணுவா?"