கதவுக்கு இந்தப் பக்கம்

— முதுகைக் கழட்டி ஆணியில மாட்டிடலாம் போல இருக்கு அண்ணி. இன்னிக்கு மட்டும் முந்நூறு மூட்டை. சத்தியமா நிமிர முடியல.

— உக்காரு தம்பி. அடுப்புப் பக்கத்துல வெந்நீர்ப் பை இருக்கு, முதுகுல வச்சுக்கோ. வச்சுக்கிட்டு இங்க வந்து பாரு.

— என்ன அது கருப்பா, சோப்பு டப்பா மாதிரி?

— உங்க அண்ணனோட கேம் குரூப்ல ஒருத்தர் தபால்ல அனுப்பியிருக்காரு. பஸ் ஓட்டுறவராம். லீவு நாள்ல வீட்டுல உக்காந்து அவரே ஒயரெல்லாம் பத்தவச்சு செஞ்சதாம். மெமரி கார்டை இந்த வாயில செருகினா போதும், உள்ள சேமிச்சு வச்ச ஆட்டம் லேப்டாப்புக்கு வந்துடும். அங்கிருந்து யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம்.

— எவ்வளவு பிடுங்கினான்?

— பைசா வாங்கல.

— செஞ்ச கம்பெனிக்காரனே அந்த வீடியோ கேம் மெஷினை மறந்து இருபது வருஷமாச்சு. இவங்க இன்னும் கட்டிக்கிட்டு அழறாங்க. வேலையத்த கூட்டம்.

— அந்தக் கூட்டம்தான் மாசம் தவறாம என்னை விசாரிக்குது. பதினஞ்சு வருஷம் மூட்டை தூக்கின குடோன்ல அவரு பேரு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு, சொல்லு?

— சரி விடுங்க. டப்பா வந்து என்ன, கார்டுதான் இல்லையே. எட்டு மாசமா நானும் தேடுறேன்.

— நேத்து உன் அறையைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில, உன் பழைய பூட்ஸுக்குள்ள, சாக்ஸுல சுத்திக் கிடந்துச்சு.

— எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

— சாக்ஸுல சுத்துற எலி. சரி, கிடைச்சுதே, அதுவே போதும். செருகிட்டேன். பச்சை லைட்டு எரியுது பாரு.

— அண்ணி, எடுத்துடுங்க. பழசு. அழுத்தினா உள்ள இருக்கறதும் போயிடும்.

— போகாது. படிக்க மட்டும் செய்யும்னு டிரைவர் எழுதியிருக்காரு. கேளு, அவங்க எதுக்குக் காத்திருக்காங்கன்னு உனக்குத் தெரியும்ல? கடைசிக் கோட்டைக்கு முன்னாடி ஒரு இரும்புக் கதவு இருக்காமே.

— ம்.

— தாண்டினா திரும்பி வர வழி இல்லையாம். ஆயுதம் அத்தனையும் சேர்த்துக்கிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ன ஆட்டம் குரூப்ல ஒருத்தர்கிட்டயும் இல்ல. உங்க அண்ணன் மட்டும்தான் மூணு வருஷம் ஆடி அங்க கொண்டு வந்து நிறுத்தியிருந்தாரு. எல்லாருக்கும் தரேன்னு வாக்கும் கொடுத்துட்டாரு. அதைத் தர முடியாமத்தான் போயிட்டாரு.

— செத்தவன் ஆட்டத்தை வாங்கி என்ன பண்ணப் போறாங்க?

— அவரு விட்ட இடத்துலருந்து ஆடுவாங்க. அவரு பேரைப் போட்டு வைப்பாங்களாம். எங்கயோ ஒரு வீட்டுல, முகம் தெரியாத ஒருத்தர் மெஷினைப் போட்டதும் ‘மூட்டை’ன்னு அவரு வச்ச பேரு திரையில வரும். எனக்கு வேற எதுவும் மிச்சமில்ல தம்பி. இரு, வந்துடுச்சு.

— அண்ணி...

— பேரு மூட்டை. பாரேன்! எரநூத்துப் பன்னெண்டு மணி நேரம் ஆடியிருக்காரு. மனுஷன் என்கிட்ட அவ்வளவு நேரம் சேர்ந்தாப்புல பேசினதில்ல. இடம்... கோட்டை, உள் முற்றம். உள் முற்றம்னா கதவுக்கு அந்தப் பக்கமா?

— ஆமா.

— அவரு தாண்டவே இல்லையே. கடைசி ராத்திரி படுக்கப் போறப்பகூட, கதவுகிட்ட நிறுத்திட்டேன், நாளைக்கு அனுப்பிடுவேன்னு சிரிச்சாரே.

— எல்லா ஆட்டமும் ஒரே இடத்துலதான் சேமிக்கும் அண்ணி. மேல மேல எழுதிடும். பழசு போயிடும்.

— யாரு மேல எழுதினது? இரு, கீழ தேதி காட்டுது. பதினாலாம் தேதி, அவரு போன அன்னிக்கு. காலை ஒன்பது நாப்பது.

— மெஷின்ல கடிகாரம் ஒழுங்கா ஓடாது. சத்தியமா. அண்ணனே சொல்லுவான்.

— அந்த வாரம்தான் கடிகார பேட்டரி மாத்தினாரு. என் கைக்கடிகாரத்தைக் கழட்டி வாங்கி, நேரம் பாத்து வச்சாரு.

— அண்ணி...

— ஒன்பதரைக்கு குடோன்ல அடுக்கி வச்சிருந்த அட்டி சரிஞ்சு அத்தனை மூட்டையும் அவரு மேல விழுந்துச்சு. ஒன்பது நாப்பதுக்கு இங்க ஒருத்தன் கதவைத் தாண்டியிருக்கான்.

— எனக்கு போன் வந்தது பத்து மணிக்குத்தான். சத்தியமா எனக்குத் தெரியாது அப்போ...

— அன்னிக்குக் காலையில முதுகு விட்டுப்போச்சு, எந்திரிக்க முடியலன்னு சொன்ன. அவரு உன் ஷிப்டுக்குக் கிளம்பினாரு. நான் இதே பையில வெந்நீர் ஊத்தி உன் பக்கத்துல வச்சுட்டு தையல் கம்பெனிக்கு ஓடினேன்.

— வலிச்சுது அண்ணி. கொஞ்சம்.

— கொஞ்சம்.

— கதவு வரைக்கும் வந்து நிக்குதுன்னு தெரிஞ்சதுலருந்து என்னால இருக்க முடியல. ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்துட்டு, சேமிக்காம நிறுத்திடலாம்னு நினைச்சேன். கை பழக்கத்துல பட்டனை அழுத்திடுச்சு. அண்ணன் வந்து திட்டுவானேன்னு பயந்தேன். சத்தியமா அதுக்கு மட்டும்தான் பயந்தேன்.

— சத்தியம் பண்ணாத. ஏன் அழிக்கல? அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே.

— ரெண்டு தடவை அழிக்கப் போனேன். ‘மூட்டையை நீக்கவா’ன்னு கேக்குது அண்ணி. ஆமான்னு எப்படி அழுத்துறது?

— பையை எடு முதுகுலருந்து.

— அண்ணி, என்னைத் திட்டுங்க. அடிங்க. அவங்களுக்கு நானே எழுதிடறேன், ஆட்டம் போச்சு, நான்தான் கெடுத்தேன்னு. ராவும் பகலும் ஆடி திரும்பக் கதவு வரைக்கும் கொண்டு வந்துடறேன்.

— அது உன் ஆட்டம். அவருது இல்ல. நீங்க குடோன்ல ஷிப்டு மாத்திக்கிட்டா, என்ன பேச்சு?

— நமக்காகப் பாத்தவனோட ஷிப்டு ஒண்ணை அந்த வாரமே நாம பாத்துக் கொடுத்துடணும்.

— கிளம்பறப்போ செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னாரு, சனிக்கிழமை என் ஷிப்டு அவன் பாக்கட்டும், அன்னிக்கு நான் வீட்டுல இருக்கேன்னு. அந்தச் சனிக்கிழமை ஷிப்டை நீ அவருக்கு இன்னும் பாக்கி வச்சிருக்க தம்பி.