பாடியவருக்கு மட்டும் கேட்ட குரல்

மேடைக்கு மைக் வாங்கப் போனால் கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். மைக்கைக் கையில் வாங்கி ஒருமுறை கீழே போட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே சரக்கு எப்படி என்று தெரிந்துவிடும்.

எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஒலிக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது நான். பாடுவது என் தங்கையின் வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்பீக்கர் இரைந்ததில்லை, ஒரு ஒயர் காலை வாரியதில்லை.

மாப்பிள்ளைக்குச் சுருதி நிற்காது. குறையாகச் சொல்லவில்லை, சிலருக்குத் தலைமுடி நிற்காது, அது மாதிரி. அதற்காகவே சுருதியைத் திருத்தும் பெட்டி ஒன்று வாங்கி மிக்ஸருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் குரல் அதற்குள் போய்க் குளித்து, தலைவாரிக்கொண்டு சபைக்கு வரும். அவர் காதில் செருகியிருக்கும் கருவிக்கும் அதே குரலைத்தான் கொடுப்பேன். பாவம், அது தன்னுடையது என்றே நம்பிவிட்டார். நானும் மூச்சுவிடவில்லை. கூடப் பிறந்தவள் நன்றாக இருக்க வேண்டுமே.

ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது, மைக்குகளை மாற்றலாமா என்று கேட்டேன்.

"மைக்கா பாடுது மச்சான்? என் குரலுக்குத் தகர டப்பா கொடுத்தாலும் போதும்" என்றார்.

தங்கை சிரித்தாள். "அண்ணனுக்கு அதெல்லாம் எங்கே புரியும்? ஒயர் சுத்தறதோட சரி."

எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த கச்சேரி பெரிய அரங்கத்தில். புது ஸ்பீக்கர்கள் வரவழைத்தேன். கடைசி வரிசைக்காரருக்கும் பாடகர் மூச்சு வாங்குவது கேட்கும், அவ்வளவு நம்பகமானவை. சபைக்குப் போகும் குரலை மட்டும் பெட்டிக்குள் விடாமல் நேராக அனுப்பினேன். மாப்பிள்ளையின் காதுக்குப் போவதில் கை வைக்கவில்லை. அவருக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதல்லவா?

முதல் சரணத்தில் முன்வரிசை குனிந்துகொண்டது. இரண்டாவதில் அரங்கமே கைதட்டிச் சிரித்தது. இரண்டு காதும் அடைபட்டிருந்த மனிதருக்குச் சிரிப்பு கேட்கவில்லை, கைதட்டுவது மட்டும் தெரிந்தது. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நன்றி சொன்னார். அதே சரணத்தை மறுபடி எடுத்தார், இன்னும் மேலே. முன்வரிசையிலிருந்த தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.

இறங்கி வந்து, "சவுண்டு எப்படி மச்சான்?" என்றார்.

"ஒரு எழுத்துகூட விடாம கேட்டுச்சு மாப்பிள்ளை" என்றேன். நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

சபையில் பலர் போனில் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் அதைப் பார்த்த மாப்பிள்ளை, பாடுவதோடு பேசுவதையும் விட்டுவிட்டார். மகள் கூப்பிட்டாலும் தலையைத்தான் ஆட்டுகிறார். தங்கை என் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்: ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். இசைக்காகச் செய்தேன். எனக்கென்று ஒரு லாபமும் இல்லை.

குழுவுக்கு இப்போது பாட ஆள் தேடுகிறார்கள். தினமும் வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை. என்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது.