அரவணைப்புப் பரீட்சை

— என் மூஞ்சியப் பாத்து படிங்க. கம்ப்யூட்டரப் பாத்து முணுமுணுத்தா எனக்கு எப்படிங்க கேக்கும்?

— சாரிம்மா. எட்டாவது கேள்வி. கூட வேலை பாக்கறவர் பேசறது உங்களுக்குப் புரியலேன்னா என்ன செய்வீங்க? அ, புரிஞ்ச மாதிரி தலையாட்டுவேன். ஆ, பொறுமையா மறுபடி கேப்பேன். இ, வேற ஆள்கிட்ட அனுப்பிடுவேன்.

— ஆ போடுங்க. இதுக்குக்கூடவா நான் வேணும்? ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம்னு பாத்தா விட மாட்டேங்கறீங்களே.

— ரெண்டு தடவை நானாத்தானே எழுதினேன்? ரெண்டும் ஃபெயிலு. ஒவ்வொரு தடவையும் கேள்விய மாத்திடறானுங்க. இது கடைசி சான்ஸ். 'அனைவரையும் அரவணைப்போம்' பாஸ் பண்ணலேன்னா சூப்பர்வைசர் வேலை கோவிந்தாதான்.

— அதுசரி. அந்தக் கம்பெனியே வேணாம்னு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதிக் குடுத்துட்டு வந்தவ, இன்னும் அவனுங்களுக்குப் பரீட்சை எழுதிட்டு இருக்கேன். மடிச்ச துணி மேல சாயாதீங்க.

— இன்னும் ரெண்டே ரெண்டுதான். ஒம்பது... இது வேணாம்மா. நானே ஏதாவது போட்டுக்கறேன்.

— நீங்க போட்டுக் கிழிச்சது தெரியாதா? படிங்க.

— 'ஒரு மருந்து நிறுவனத்தின் பேக்கிங் பிரிவில், காது சரியாகக் கேளாத பெண் ஒருவர் பணிபுரிந்தார்...'

— ம். ஏன் நிறுத்திட்டீங்க?

— 'காலைக் கூட்டத்தில் மேலாளரிடம், என் பக்கம் திரும்பிப் பேசுங்கள், உதட்டைப் பார்த்தால்தான் புரியும் என்றார். மேலாளர் திரும்பி, குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார்.'

— அடப்பாவிங்களா! என்னையே கேள்வியாக்கிட்டாங்களா?

— விட்டுடலாம்மா. பாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— என்னத்த விடறது? அன்னைக்கு, கேட்டுட்டு இருந்த கொஞ்சநஞ்ச காதும் போயிடுச்சுன்னு எனக்கு உசுரே போயிடுச்சுங்க. சாயங்காலம் ஒரு பஸ்காரன் ஹாரன் அடிச்சான். அது காதுல விழுந்ததும் நடுரோட்டுலயே நின்னு அழுதேன். வீட்டுக்கு வந்து உங்க மடியில படுத்து அழுதேன்.

— தெரியும்மா.

— மிச்சத்தையும் படிங்க.

— 'அங்கிருந்த பன்னிரண்டு பேர் சிரித்தனர். தவறு யாருடையது? அ, மேலாளர். ஆ, சிரித்தவர்கள். இ, அனைவரும்.'

— அனைவரும்னு போடுங்க. ஆனா பன்னெண்டு இல்ல, பதினொண்ணு. ஒவ்வொரு மூஞ்சியும் எனக்கு மனப்பாடம். கேள்வி எழுதினவனுக்கு எண்ணக்கூடத் தெரியல.

— பன்னெண்டுதாம்மா.

— அங்க நின்னது நானா, நீங்களா? நீங்க அந்நேரம் குடோன்ல லாரிக்கு லோடு ஏத்திட்டு இருந்தீங்க.

— சாவி கேக்க வந்தேன். உனக்குப் பின்னாடி, கதவுகிட்ட நின்னேன். அப்புறம் கம்பெனி அதப்பத்தி வெச்ச விசாரணையில எழுதியே குடுத்துட்டேன், உன்கிட்ட சொல்லத்தான் நாக்கு எழும்பல. நானும் சிரிச்சேன்.